மிஸியின் கேற்றுக்குள் நின்ற வான்

தேத்தாத்தீவில் பிரதான வீதியோரம் இருந்த அந்த வீட்டுக்கு ஆறு வருடமாக ஒரு குறை. இரும்புக் கேற் இருந்தது. கேற்றிலிருந்து வீட்டின் வடக்குப் பக்கமாகப் பின்னால் போகும் இரண்டு சீமெந்துப் பட்டைகள் இருந்தன. அவை போய் முடியுமிடத்தில் தகரம் போட்ட கார்க் கொட்டிலும் இருந்தது. கார்தான் இல்லை.

வீட்டுக்காரி அன்னப்பூரணி, அரசாங்கத்து மருத்துவமாது. ஊர் அவளை மிஸி என்றது. அவளைவிட மூத்தவர்களும் மிஸி என்றுதான் கூப்பிட்டார்கள். லேடீஸ் சைக்கிளில், வெள்ளைச் சீருடையில், பின் கரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் போனால், எந்த வீட்டில் யாருக்கு மாதம் நெருங்கிவிட்டது என்று ஊர் கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

கணவர் அழகரத்தினம் வாடகைக்கு ஹயர் கார் ஓடியவர். ஒரு மொறிஸ் மைனர். அந்தச் சீமெந்துப் பட்டைகளை மேசன் பிடிக்காமல் தானே குழைத்துப் போட்டார். பின்னேரங்களில் மனைவியைச் சாரதி இருக்கையில் ஏற்றி, கேற்றடியிலிருந்து கொட்டில் வரைக்கும் காரை ஓட விட்டு, பக்கத்தில் நடந்து வந்து சிரிப்பார். வீதிக்கு எடுக்க விட்டதில்லை. "முதல்ல இதுக்குள்ள நேரா ஓடு. றோட்டு எங்கயும் ஓடிப் போகாது" என்பார். தொண்ணூறாம் ஆண்டு யுத்தம் மறுபடி தொடங்கிய கிழமை, வாழைச்சேனைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன அவரும் காரும் திரும்பி வரவில்லை. அவள் தேடாத முகாமில்லை, எழுதாத கடிதமில்லை. கடிதங்களுக்கு வந்த பதில்களெல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பிறகு பதிலும் வரவில்லை.

ஆனாலும் காலையில் எழுந்தால் அவள் முதலில் கூட்டுவது அந்தப் பாதையைத்தான். வேப்பஞ்சருகு ஒன்றுகூடப் பட்டையில் கிடக்க விடமாட்டாள். கேற்றின் கீல்களுக்கு மாதத்துக்கொருமுறை எண்ணெய் விடுவாள். ஒரு கார் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்பது போல எல்லாம் தயாராக இருந்தன.

பின் வளவில் குடியிருந்தவன் ஏரம்பமூர்த்தி. முப்பத்தைந்து வயது இருக்கும், வாய்க்காரன், உழைப்பாளி. அவன் மனைவி இலட்சுமிக்குச் சீதனமாக வந்த காணி அது. பெண் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததில் அந்தத் துண்டு பின்னுக்குப் போய்விட்டது. இரண்டு வேலிகளுக்கு நடுவில் ஒரு ஒழுங்கை வழியாகத்தான் போக வேண்டும். சைக்கிளை உருட்டலாம், மாட்டை ஓட்டலாம். தொண்ணூற்றாறில் அவன் ஒரு பழைய டொல்பின் வான் வாங்கி, களுவாஞ்சிகுடிக்கும் மட்டக்களப்புக்கும் ஆள் ஏற்றத் தொடங்கியபோதுதான் ஒழுங்கையின் அகலம் அவனுக்கு உறைத்தது.

முதலில் வானை வீதியோரப் புளிய மரத்தின் கீழ் விட்டான். ஆறு மணிக்குப் பிறகு வீதியில் எந்த வாகனமும் நிற்கக்கூடாது என்று இராணுவ முகாமிலிருந்து கட்டளை வந்தது. கோயில் முன்றலில் விட்டான். அங்கும் கூடாது என்றார்கள். ஆள் இல்லாமல் தனியாக நிற்கும் வாகனத்தைக் கண்டால் எல்லாருக்கும் பயமாக இருந்த காலம் அது. ஊரில் வான் போகிற அளவுக்குக் கேற்றும், வெறுமையாகக் கிடக்கிற கொட்டிலும் மிஸி வீட்டில் மட்டுந்தான் இருந்தன.

அவன் நேரே கேட்கவில்லை. சுற்றி வந்து கேட்டான். கேற்றைத் திறந்து மூடாவிட்டால் கறள் பிடித்துவிடும் என்று ஒருநாள் கவலைப்பட்டான். எண்ணெய் விட்டு வைத்திருப்பதாக அவள் சொன்னாள். கொட்டில் சும்மா கிடந்தால் பாம்பு குடிவரும் என்றான். தினமும் கூட்டுகிற இடத்துக்குப் பாம்பு வராது என்றாள். பிறகு இலட்சுமி ஒரு சட்டி தயிரோடு வந்து, வீட்டுக்காரர் வானுக்குள்ளேயே படுப்பதால் இடுப்பு வலியாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்னப்பூரணி தயிரை எடுத்துக்கொண்டு, சட்டி நிறைய முருங்கைக்காய் முறித்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். இடுப்பு வலிக்கு நல்லெண்ணெய் தடவச் சொன்னாள். இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை, களுதாவளைக் கிளினிக் முடிந்து பின்னேரம் வந்தவள் கேற்றடியில் சைக்கிளை நிறுத்தினாள். கேற் திறந்து கிடந்தது. கொட்டிலுக்குள் டொல்பின் வான் மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு நின்றது. பட்டையில் எண்ணெய் சொட்டியிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சைக்கிளை உள்ளே எடுத்தாள். கேற்றைச் சாத்தினாள். வீட்டுக்குள் போய், அழகரத்தினம் வாங்கி வைத்த பித்தளைப் பூட்டைத் தேடியெடுத்து வந்து மாட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கிணற்றடிக்குப் போய் ஆறுதலாகக் குளித்தாள்.

அரை மணி நேரத்தில் ஏரம்பமூர்த்தி கேற்றுக்கு வெளியே வந்து நின்றான். கடைசி ட்ரிப் ஒன்று இருக்கிறது, ஆட்கள் சந்தியில் நிற்கிறார்கள் என்றான். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"ஆரக் கேட்டுத் தம்பி உள்ளுக்கு விட்டாய்?"

"நீங்க வீட்ட இல்ல அக்கா. வந்ததும் சொல்லுவம் எண்டுதான்..."

"வந்ததும் சொல்றதுக்குப் பேர் கேக்கிறதில்ல."

அவள் பூட்டைத் திறந்தாள். "முதல்ல வெளியால எடு. எடுத்து றோட்டில விட்டுப்போட்டு, மறுகா நடந்து வந்து கேள்."

அவன் அப்படியே செய்தான். வானைப் பின்னால் எடுத்து வீதியில் நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கேற்றடியில் கழற்றிவிட்டு உள்ளே வந்து கேட்டான். பக்கத்து வீட்டுக்காரனாக, கை கட்டி, சுற்றி வளைக்காமல் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். அன்றைக்கு வானை எங்கே விட்டான் என்று அவள் விசாரிக்கவில்லை.

அவளுக்கு இடத்தைக் கொடுப்பது கஷ்டமில்லை. அந்த இடத்தில் இன்னொரு வாகனம் நிற்பதைத் தினமும் பார்ப்பதுதான் கஷ்டம். வெறுமையாக இருக்கும்வரை அது அவர் வந்து நிறுத்த வேண்டிய இடம். வேறொன்று நின்றுவிட்டால் ஊர் தனக்குள் ஒரு முடிவைச் சொல்லிக்கொள்ளும். அந்த முடிவை அவள் இன்னும் சொல்லவில்லை. அதே சமயம், போன மாதம் கசங்கிய பாயில் கிடத்தி மாட்டு வண்டியில் கொண்டுபோன பெண்ணையும் அவளால் மறக்க முடியவில்லை. தாய் தப்பினாள், பிள்ளை பாதி வழியில் போய்விட்டது. அழகரத்தினம் இருந்திருந்தால் அந்த மொறிஸ் மைனர் சும்மா நின்றிருக்காது. பிள்ளைப்பேற்றுக்குப் போன ஹயருக்கு அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை.

மறுநாள் காலையில் ஏரம்பமூர்த்தியைக் கூப்பிட்டுச் சொன்னாள். வாடகைப் பேச்சை அவன் எடுக்க, அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியவை வேறு. கேற்றின் திறப்பு அவளிடம்தான் இருக்கும். பின்னேரம் பூட்டுவதற்கு முன் வானுக்குள் அவள் பார்ப்பாள், யாருடைய பொதியும் உள்ளே தங்கக்கூடாது. வானின் மூக்கு எப்போதும் வீதியைப் பார்த்து நிற்க வேண்டும். வயிற்று நோவு என்று ஒரு பெண் வந்தால் எந்த நேரமானாலும் அவன் எழுந்து வர வேண்டும். கிராமசேவகரிடம் போய், வான் இன்னாருடையது, இன்னாருடைய வளவில் நிற்கிறது என்று கடிதம் எடுத்து வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியாக அவள் சொன்னாள்: "அவர் காரோட வந்தா, அந்த நிமிஷமே நீ எடுக்கவேணும்."

ஏரம்பமூர்த்தி வெறும் சீமெந்துப் பட்டைகளைப் பார்த்தான். "அண்ணன் வந்தா நானே வானத் தள்ளிக்கொண்டு போவன் அக்கா" என்றான்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவனுக்கு இடம் கொடுத்ததாக அவள் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

கொடுத்த பிறகும் லேசாக இருக்கவில்லை. மூக்கு நுழைந்த இடத்தில் உடம்பு நுழையப் பார்ப்பது மனித இயல்பு. ஒரு கிழமையில் கொட்டிலின் மூலையில் ஒரு பழைய டயர் வந்தது. பிறகு எண்ணெய்ப் பீப்பா, வானைத் தூக்கும் ஜக், பிறகு ஒரு கோழிக்கூடு. அவள் கோழிக்கூட்டைக் கோழிகளோடு தூக்கி வேலிக்கு அப்பால் வைத்தாள். டயரை உருட்டிக்கொண்டுபோய் ஒழுங்கையில் சாய்த்தாள். ஜக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றாள். இலட்சுமி பட்டையில் மிளகாய் காயப்போட்டதைக் கண்டும் காணாதது போல விட்டாள். சீமெந்தில் நன்றாகக் காய்ந்தது, அவளுக்கும் ஒரு பங்கு வந்தது.

ஒரு பின்னேரம் பின் சீற்றுக்குக் கீழே இரண்டு கடதாசிப் பெட்டிகள் இருந்தன. கல்முனையில் ஒருவர் தந்தது, விடிய ஒருவர் வந்து எடுப்பார் என்றான். உள்ளே என்ன என்று கேட்டாள். தெரியாது என்றான். தெரியாத பெட்டி எந்தப் பக்கத்தாருடையதாக இருந்தாலும் ஒரு வீட்டை அழிக்கப் போதும் என்பது அந்த நாட்களில் எல்லாருக்கும் தெரியும். அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவன் கெஞ்சினான், பிறகு கோபித்தான், கடைசியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்த் தந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு கிழமை அவளோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது அவனிடம் எதையாவது ஒப்படைக்க வந்தால் அவனுக்குச் சொல்ல ஒரு சொல் இருந்தது: "வான் மிஸிட கேற்றுக்குள்ள நிக்குது, அவ விடமாட்டா." மறுக்க முடியாதவர்களிடம்கூட அந்தச் சொல் செல்லுபடியானது. அவன் மறுபடி பேசத் தொடங்கியபோது அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சட்டி தயிர் மட்டும் வந்தது.

அந்த ஒரு வருடத்தில் ஏழு பெண்களை அந்த வான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஒவ்வொருமுறையும் அன்னப்பூரணி முன் சீற்றில் இருந்தாள். பேசாமல், அவன் கால் எங்கே போகிறது, கை எந்த நேரம் கியரை இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனாள்.

தொண்ணூற்றேழு ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களெல்லாரையும் பாடசாலை மைதானத்தில் இருத்தினார்கள். மத்தியானம் பதினொரு பேரை விசாரணைக்கென்று ஏற்றிப் போனார்கள். அதில் ஏரம்பமூர்த்தியும் ஒருவன். ஊரில் வாகனம் ஓடத் தெரிந்த மற்ற இரண்டு பேர் ஆற்றுக்கு அப்பால் படுவான்கரைக்குத் தோணியில் போய்விட்டார்கள். வான் நான்கு நாட்கள் கேற்றுக்குள் அப்படியே நின்றது. அன்னப்பூரணி வழக்கம்போல அதைச் சுற்றிக் கூட்டினாள். பின்னேரங்களில் இலட்சுமியைக் கூட்டிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போய் வந்தாள்.

ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, ஆற்றங்கரையில் குடியிருந்த மீன்காரன் சிவபாதம் ஓடி வந்தான். அவன் மனைவி இராசாத்திக்கு எட்டாம் மாதம். நோவில்லை, ஆனால் இரத்தம் போகிறது என்றான்.

அன்னப்பூரணிக்கு மற்றதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோவு இல்லாமல் இரத்தம் போனால் வீட்டில் வைத்துக் கை போடக்கூடாது. சத்திரசிகிச்சை செய்யும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் உடனே. சைக்கிளில் போய்ப் பார்த்தாள். இராசாத்தியின் உதடு வெளுத்திருந்தது. சுற்றிவளைப்புக்குப் பிறகு பஸ் ஓடவில்லை. ஊரின் ஒரே ட்ரக்டர் ஆற்றுக்கு அப்பால் வயல் வட்டையில் நின்றது. மாட்டு வண்டியை அவள் நினைக்கவே விரும்பவில்லை.

"கட்டிலோட தூக்கி என்ட வீட்டுக்குக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் மிதித்தாள்.

வான் திறப்பு இலட்சுமியிடம் இருந்தது. அவள் அதைக் கையில் பொத்திக்கொண்டு நின்றாள். புருஷன் முகாமுக்குள்ளே, வீட்டில் மிஞ்சியிருப்பது இந்த வான் ஒன்றுதான்.

"அக்கா, நீங்க ஓடுவீங்களா?"

"கேற்றடியில இருந்து கொட்டில் மட்டும் ஓடியிருக்கன்."

இலட்சுமி அவள் முகத்தைப் பார்த்தாள். திறப்பைக் கொடுத்தாள். பிறகு தானே ஓடிப்போய்க் கேற்றை அகலத் திறந்தாள்.

இராசாத்தியைப் பின்னால் பாய் விரித்துக் கிடத்தி, கால் பக்கம் தலையணை உயர்த்தி, சிவபாதத்தைப் பிடிக்க வைத்தார்கள். அன்னப்பூரணி சாரதி இருக்கையில் ஏறினாள். கால் எட்டவில்லை, முதுகுக்குத் தன் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டாள். வானின் மூக்கு வீதியைப் பார்த்து நின்றது நல்லதாய்ப் போயிற்று. முதலாம் கியர் விழுந்தது. வான் ஒருமுறை துள்ளி, சீமெந்துப் பட்டைகளின் மேல் நேராக ஓடியது. கேற் தூணில் பக்கக் கண்ணாடி உரசி மடங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீதியில் இரண்டாம் கியர் போட்டாள். மூன்றாம் கியரை அவள் தொடவேயில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் தேடப் போய் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டாள். வான் இரைந்துகொண்டு போனது. வேலிகளுக்கு மேலால் தலைகள் எழுந்தன. வெற்றிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மிஸி வான் ஓடுகிறாள் என்ற செய்தி வானுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து சிவபாதம், "அவ கண்ண மூடுறா மிஸி" என்றான். மூட விடாதே, பேச்சுக் கொடு என்றாள். அவன் என்ன பேசுவதென்று தெரியாமல் தோணிக்குத் தார் பூச வேண்டியதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான்.

காவலரணில் தடி குறுக்கே கிடந்தது. பிரேக்கை மிதித்ததும் வான் குலுங்கி நின்றது, எஞ்சினும் நின்றது. இளம் சிப்பாய் ஒருவன் வந்து லைசன் கேட்டான். பயிற்சிக் காலத்தில் படித்த சிங்களம் அவளிடம் கொஞ்சம் இருந்தது. லைசன் இல்லை என்று நேராகச் சொன்னாள். இறங்கிப்போய்ப் பின் கதவைத் திறந்து காட்டினாள். அவன் பாயைப் பார்த்தான், பாயிலிருந்து வடிந்து வானின் தகட்டில் தேங்கி நின்றதைப் பார்த்தான். ஓடிப்போய்த் தடியைத் தூக்கினான்.

வான் இயங்க மறுத்தது. இரண்டு தரம் திறப்பை முறுக்கினாள். பிறகு யன்னலால் தலையை நீட்டி, தள்ளச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். அந்தச் சிப்பாயும் இன்னொருவனும் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். இருபது முழம் போனதும் எஞ்சின் பிடித்தது.

களுவாஞ்சிகுடியில் ஊசியும் சேலைனும் ஏற்றி, அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அன்று பின்னேரமே இராசாத்திக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. சிறிய பிள்ளை, ஆனால் அழுகை பெரிது. தாயும் தப்பினாள். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் என்று, அம்புலன்ஸை அனுப்பிவிட்டுக் களுவாஞ்சிகுடி டாக்டர் தொடங்கிய வசனத்தை முடிக்கவில்லை. வானை ஓடி வந்தது யார் என்று கேட்டார். "நான்தான்" என்றாள். அந்தச் சொல்லை அவ்வளவு உரத்துச் சொன்னது அவளுக்கே புதுமையாக இருந்தது.

ஆறு மணிக்குள் கேற் பூட்ட வேண்டும் என்பதால் வானை அவளே திருப்பிக் கொண்டுவந்தாள். காவலரணில் தூரத்தில் கண்டதுமே தடியைத் தூக்கிவிட்டார்கள். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டிவரும் என்று நினைத்தார்களோ என்னவோ. வீட்டுக்கு வந்து, தகட்டைக் கழுவி, மடங்கிய கண்ணாடியைக் கயிற்றால் கட்டிய பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள். இலட்சுமி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, கொட்டிலுக்குள் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

பிள்ளைக்கு அன்னப்பூரணி என்று பெயர் வைக்கச் சிவபாதம் கேட்டு வந்தான். அது கூப்பிட வாய் நோகும் பெயர், சின்னதாக ஏதாவது வை என்று அனுப்பிவிட்டாள்.

பிடித்துப் போய்ப் பத்தொன்பது நாட்களுக்குப் பிறகு ஏரம்பமூர்த்தி விடுதலையாகி வந்து சேர்ந்தான். வலது தோளைத் தூக்க முடியவில்லை. கேற்றடியில் நின்று வானைப் பார்த்தான், கயிறு கட்டிய கண்ணாடியைப் பார்த்தான். நடந்ததை இலட்சுமி சொல்லக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். தோள் சுகமாக இரண்டு மாதம் எடுக்கும் என்றார்கள். அந்த இரண்டு மாதமும் ஓய்வு நாட்களிலும் பின்னேரங்களிலும் அன்னப்பூரணி ஓட, அவன் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தான். கோயில் வெளியில் மூன்றாம், நான்காம் கியர்கள் வந்தன. மட்டக்களப்புக்குப் போய்ப் பரீட்சை கொடுத்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் லைசன் எடுத்தாள். தன் சைக்கிளை அவள் விடவில்லை. ஆனால் நோவு வந்த பெண்ணுக்காக ஏரம்பமூர்த்தியை நித்திரையிலிருந்து எழுப்ப வேண்டிய தேவை பாதியாகக் குறைந்தது.

ஏரம்பமூர்த்தி மறுபடி ஓடத் தொடங்கியபோது பயணிகளுக்கு அந்தக் கதையைச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டான். ஒவ்வொரு ட்ரிப்பிலும் கதை கொஞ்சம் வளர்ந்தது. ஒருநாள் காத்தான்குடிப் புடவை வியாபாரி இப்றாஹிம் பின்னால் இருந்தார். மிஸி முன் சீற்றில், மாதக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தூரம் ஆறு மைலாகி, தள்ளிய சிப்பாய்கள் பத்துப் பேராகியிருந்தார்கள். இப்றாஹிம் வாயில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு மைல் தம்பி" என்றாள் அன்னப்பூரணி. "தள்ளினது ரெண்டு பேர்."

"ஓம் அக்கா, ரெண்டு பேர்தான்" என்றான் ஏரம்பமூர்த்தி.

இப்றாஹிம் முன்னால் சாய்ந்து, "அப்ப நீங்கதானா அந்த மிஸி?" என்று கேட்டார்.

அவள் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு, ஓம் என்றாள். பிறகு, மூன்று மைலும் இரண்டாம் கியரில் போனதைத் தன் வாயாலேயே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், கல்லடிப் பாலம் வரும்வரை சொல்லிக்கொண்டு போனாள்.